ஏழடி நான்கு அங்குலச் சந்தும் என் குட்டி வேனும்

போன ஞாயிற்றுக்கிழமை மாயவரத்திலிருந்து தம்பி மகன் போன் செய்தான். இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுக்கிறான். மூன்று வருடமாக மொபெட்டில்தான் சுமந்தான். இப்போது 41 கடைகள் சேர்ந்துவிட்டன, நாளொன்றுக்கு 250 கிலோ மாவு போகிறது, மொபெட் தாங்கவில்லை. "அத்தை, கடன் கிடைக்கும் போலிருக்கிறது. எடுப்பதுதான் எடுக்கிறோம், பெரிய பிக்கப்பாகவே எடுத்துவிடட்டுமா? நாளைக்குத் தொழில் வளர்ந்தால் இன்னொரு வண்டிக்கு அலைய வேண்டாம் பாருங்கள்" என்றான்.

"வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உன் கடைகளைப் பார்த்துவிட்டு வா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொன்னேன் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை மண்டபத்துக்காரர்களும் சமையல் காண்டிராக்டர்களும் என்னிடம் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்: "இத்தனை வருடமாகத் தொழில் செய்கிறாயே அம்மா, இன்னும் இந்தக் குட்டி வேன்தானா?"

ஆமாம், குட்டி வேன்தான். காரணம் இருக்கிறது.

கும்பகோணத்தில் எனக்கு வாழை இலை வியாபாரம். அப்பா செய்தது, 2011-இலிருந்து நான் செய்கிறேன். சுவாமிமலையைத் தாண்டி உமையாள்புரம், கபிஸ்தலம் பக்கத்துக் காவிரிப் படுகைத் தோட்டங்களில் முதல் நாள் மாலையே இலையை அறுத்துக் கட்டி வைத்துவிடுவார்கள். விடியற்காலை மூன்றரைக்கு நான் அங்கே நிற்பேன். நாலரைக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும். சாதாரண நாளில் 38 இடங்களில் இறக்க வேண்டும். மெஸ், ஓட்டல், டிபன் கடை, மடைப்பள்ளி, வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் மாமிகள் என்று எல்லா வகையும் உண்டு. ஏழு மணிக்குள் கடைசிக் கட்டு இறங்கியாக வேண்டும். பொங்கல் ஆறிப்போகும் வரை இலைக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

நாலரையிலிருந்து ஏழு என்றால் 150 நிமிடம். 38 இடத்துக்குப் பிரித்தால் ஓர் இடத்துக்கு நான்கு நிமிடம்கூட முழுதாக வராது. அதற்குள் ஓட்டிக்கொண்டு போய், நிறுத்தி, இறக்கி, எண்ணிக் கொடுத்து, நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். என் தொழிலின் கணக்கு முழுக்க இதுதான். ஒரு நடையில் எத்தனை கட்டு ஏற்றினேன் என்று யாரும் எனக்குப் பணம் தருவதில்லை. எத்தனை வாசலில் நேரத்துக்குப் போய் நின்றேன் என்பதற்குத்தான் தருகிறார்கள். வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எடையைத்தான் முதலில் கேட்கிறார்கள். வாசல்களை எண்ணிப் பார்க்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் 38 வாசல்களில் 14 வாசல்கள் சந்துக்குள் இருக்கின்றன. நாகேசுவரன் கோயில் பக்கத்தில் ஒரு மெஸ் இருக்கிறது. தினமும் 150 சாப்பாட்டு இலை, 100 டிபன் இலை வாங்குகிறவர்கள். அந்தச் சந்தை நான் நாடா வைத்து அளந்திருக்கிறேன். சுவருக்குச் சுவர் ஏழடி நான்கு அங்குலம். அதில் ஒரு பக்கம் சாக்கடை. மேலே கருங்கல் பலகைகள். என் வண்டி மாருதி ஈக்கோ சரக்கு வேன். அகலம் 1.475 மீட்டர், அதாவது நாலடி பத்து அங்குலம். இடப்பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு இடது சுவரை ஒட்டி நிறுத்தினால், வலப்பக்கம் ஏறக்குறைய இரண்டடி இடம் கிடைக்கிறது. அந்த இரண்டடியில் ஓர் ஆள் நின்று இலைக்கட்டைத் தோளில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். வீட்டிலிருந்து கிளம்பும் சைக்கிளும் நெளிந்து போய்விடும். பிக்கப் என்று பொதுவாக ஓடும் வண்டிகள் ஐந்தரை அடிக்கு மேல் அகலம். உள்ளே நுழைந்தாலும் நுழையலாம். நுழைந்த பிறகு இறங்குவது எப்படி?

இங்கேதான் தள்ளு கதவின் அருமை. வெளியே விரியும் கதவுக்கு அதன் அகலத்துக்கு இடம் வேண்டும். தள்ளு கதவுக்குக் கையகல இடம் போதும். வண்டியின் உடம்போடு ஒட்டிப் பின்னால் போய்விடும். இரண்டு பக்கமும் அப்படிக் கதவு இருப்பதால் எந்தச் சுவரை ஒட்டி நின்றாலும் மறுபக்கம் திறந்து இறக்கலாம். தரை மட்டமும் தாழ்வு. முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். இடுப்பளவு உயரத் தட்டிலிருந்து ஈரக் கட்டைத் தூக்கி இறக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முப்பதாவது வாசலில்தான் தெரியும். இலை என்றால் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் தெளித்த நூறு இலைக் கட்டு தோளை அழுத்தும்.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கதவுதான் எங்களுக்குக் குடை. அதன் கீழே நின்று நோட்டில் எழுதுகிறேன், மை கரைவதில்லை.

இலைக்கு ஏன் மூடிய வண்டி வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இலைக்குப் பூவன்தான் அதிகம். நுனி இலையை நுனியாகவும், நுனி இல்லாத ஏட்டை ஏடாகவும் தனித்தனியே அடுக்கி, வாழைச் சருகு சுற்றி, நாரால் கட்டுவார்கள். கட்டின் வெளிச் சுற்றில் காற்று படக் கூடாது. திறந்த வண்டியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே மேல் இலை நரம்போடு நரம்பாகக் கிழிந்துவிடும். அப்பா சைக்கிள் கேரியரில் கொண்டுவந்த காலத்தில் கட்டுக்குப் பத்து இலை கழித்துத்தான் கொடுப்பார். தார்ப்பாய் போட்டு மூடினால் வேறு தொல்லை: வெயில் ஏறியதும் உள்ளே ஆவி கட்டி இலை வெந்துபோகும். வேனுக்குள் நனைத்த சணல் சாக்கை விரித்து, அதன் மேல் கட்டுகளை இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் படுக்க வைத்து, ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டால் ஏழு மணிக்கும் இலை அறுத்த பச்சையில் இருக்கிறது.

அப்பா 2001-இல் பழைய ஆம்னி ஒன்றை வாங்கினார். ஆம்னி என்றால் நம் ஊரில் பலருக்கு இரவு பஸ்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது மாருதியின் வேன். 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறியது. 796 சி.சி. இன்ஜின், அதுவும் முன் சீட்டுக்கு அடியில். இன்ஜினை அங்கே தள்ளிவிட்டதால் முன்னால் மூக்கு என்று ஒன்று கிடையாது. நீளத்தில் பெரும் பங்கு சரக்குக்கே மிஞ்சும். இந்த யோசனை ஜப்பானில் பிறந்தது. அங்கே 'கெய்' என்று சின்ன வண்டிகளுக்கென்றே சட்டத்தில் ஒரு வகை வைத்திருக்கிறார்கள். இன்றைய கணக்கில் இன்ஜின் 660 சி.சி.க்குள், நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இருந்தால் வரி குறைவு. சுசுகி நிறுவனம் 1961-லிருந்து 'கேரி' என்ற பெயரில் இப்படிப்பட்ட சின்னச் சரக்கு வண்டிகளைச் செய்துவருகிறது. அந்த வம்சத்தில் வந்ததுதான் ஆம்னி. 2010-இல் வந்த ஈக்கோவும் அந்த வம்சம்தான். நீளத்திலும் இன்ஜினிலும் ஜப்பான் எல்லையைத் தாண்டினாலும் அகலம் மட்டும் இன்னும் அந்த 1.48 மீட்டருக்குள்ளேயே நிற்கிறது. ஜப்பான்காரர்கள் தங்கள் ஊர்த் தெருவுக்காக வகுத்த அளவு என் கும்பகோணத்துச் சந்துக்குள் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

யோசித்தால் இதில் வியப்புக்கும் இடமில்லை. நம் சந்துகள் மாட்டு வண்டி வந்துபோன சந்துகள். ஒற்றை வண்டி உள்ளே வந்து, மூட்டையை இறக்கிவிட்டுப் போகும் அளவுக்குத்தான் விட்டிருக்கிறார்கள். குட்டி வேன் அந்த மாட்டு வண்டியின் இடத்துக்கு வந்திருக்கிறது.

ஒரே ஒரு தடவை இந்தக் கணக்கை மறந்தேன். 2022 தை மாதம். என் வண்டி எப்.சி. வேலைக்காகப் பட்டறையில் நின்றது. மஞ்சள் பலகை வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று வாங்க வேண்டும். அன்று பார்த்து பெரிய முகூர்த்தம். வாடகைக்குப் பெரிய வண்டி ஒன்று கிடைத்தது. இரண்டு நடையை ஒரே நடையாக முடித்துவிடலாம் என்று எல்லாக் கட்டுகளையும் அதில் ஏற்றினோம். ஐந்து மணிக்கு நான் சொன்ன அதே மெஸ் சந்தில் பின்பக்கமாக நுழைந்தார் டிரைவர். நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர்தான். ஆனால் பின் சக்கரம் சாக்கடைக் கல்லின் மேல் ஏறியது. 'டக்' என்று ஒரு சத்தம். கல் இரண்டாகப் பிளந்து சக்கரம் அச்சு வரை உள்ளே இறங்கிவிட்டது.

அந்த வண்டியைத் தூக்க ஒரு மணி நேரம் ஆனது. எதிரே பால்காரர், பின்னால் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு ஒரு ஸ்கூட்டர் என்று எல்லோரும் நின்றுவிட்டார்கள். மற்ற இடங்களுக்குப் பெரிய தெருவிலேயே வண்டியை நிறுத்தி, நானும் உதவிக்கு வரும் பையனும் தலையில் சுமந்து நடந்தோம். ஓர் இடத்துக்கு எட்டு நிமிடம் பிடித்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. டிபன் பந்தி ஏழேகாலுக்கே தொடங்கிவிட்டது. அவர்கள் வேறு ஆளிடம் அவசரமாக வாங்கிப் போட்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த மேல் அடுக்கு இலைகள் கையில் எடுத்தால் துவண்டு தொங்கின. பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "மதியப் பந்திக்காவது பார்த்துக் கொடு அம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. உடைந்த கல்லுக்குப் பதில் புதுக் கல் போட்டுக் கொடுத்தேன். இன்றும் அந்தச் சந்தில் நிறம் வெளுத்த ஒரு பலகை தனியாகத் தெரியும்.

ஊருக்குள் மட்டும் இல்லை, படுகையிலும் சின்ன வண்டிக்குத்தான் வழி. ஆற்றங்கரைச் சாலையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் பாதை ஒரு வண்டிப் பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வாழை. மதகு வரும் இடத்தில் இன்னும் குறுகும். இறங்கினால் திரும்பி வர இடம் வேண்டுமே! என் வண்டி நான்கரை மீட்டர் ஆரத்தில் திரும்பும். களத்து மேட்டில் ஒரே வீச்சில் திருப்பிவிடுவேன். அறுவடைக் காலத்தில் வேறு தொல்லை. தை, மாசியில் சம்பா நெல்லைக் கிராமத்துச் சாலையில் பாதிக்குப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அந்த நெல் மேல் சக்கரம் ஏற்ற எனக்கு மனம் வராது. வளர்த்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். மிச்சமிருக்கும் பாதிச் சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தாலும் ஒதுங்கி வழிவிட என்னால் முடிகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைகளைச் சொல்லாமல் விட்டால் தம்பி மகனுக்குத் துரோகம் செய்ததாகும்.

இந்த வகை வண்டிகள் நெடுஞ்சாலைக்கு ஏற்றவை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னையையும் வாழையையும் சாய்த்துப் போட்டபோது இலைக்குப் பெரும் தட்டுப்பாடு. திருச்சியையும் தாண்டித் தொட்டியம் வரை போய் இலை எடுத்து வந்தோம். உயரமும் ஒடுக்கமுமான வண்டி. பெரிய பஸ் முந்திப் போனால் காற்று பக்கவாட்டில் தள்ளும். காலுக்கடியில் இன்ஜின் சூடு. மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் முதுகு தனியாகப் பேசும். முன்னால் மூக்கு இல்லாத அமைப்பில், மோதினால் ஓட்டுகிறவரின் காலுக்கும் எதிரே இருப்பதற்கும் நடுவில் அதிக இரும்பு கிடையாது. புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது 2019-இல் ஆம்னியின் உற்பத்தியை நிறுத்தினார்கள். அப்பாவின் வண்டிமேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்வேன். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் ஊருக்குள் போவதில்லை. புறவழிச் சாலையில் 60. பெல்ட் போடாமல் படுகைப் பாதையில்கூட ஓட்டுவதில்லை.

பின் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் சரக்கு இருக்கும்போது சேற்றில் நன்றாகப் பிடிக்கும். காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசாகி, ஈரச் சரிவில் வழுக்கும். அதனால் மழைக்காலத்தில் தோட்டத்துக்குக் காலியாகப் போகும்போது பின்னால் இரண்டு மணல் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு போகிறேன். ஏற்றும்போது அவற்றை அங்கேயே இறக்கிவிடுவேன்.

ஏற்றும் அளவுக்கும் எல்லை உண்டு. அரை டன் அளவுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. சிமென்ட், குழாய், அரிசி மூட்டை என்று கனமாகவும் நீளமாகவும் ஏற்றுகிறவர்களுக்குக் குட்டியானைதான் பொருத்தம். டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் தாங்கும். அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது யாரோ, அவர் கைக்குத் தங்க மோதிரம் போடலாம். அதுவும் ஒடுக்கமான வண்டிதான், சந்துக்குள் வரும். என் சரக்குக்குத் திறந்த தட்டு ஆகாது, அவ்வளவுதான்.

தம்பி மகன் பெட்ரோல் கணக்கைக் கேட்டான். நின்று நின்று போகும் என் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைக்கிறது. நாளுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. லைசென்ஸ் பற்றியும் கேட்டான். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்ட இலகு ரக வாகன லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கார் ஓட்டக் கையில் வைத்திருக்கும் லைசென்ஸே போதும். எங்களைப் போல் தாங்களே ஓட்டித் தாங்களே இறக்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வியாழக்கிழமை இரவு மறுபடியும் போன் செய்தான். நாடாவோடு நான்கு நாள் சுற்றியிருக்கிறான். 41 கடைகளில் 17 தான் பெரிய சாலை ஓரம். மீதி 24 கடைகள் மகாதானத் தெருவுக்கும் பட்டமங்கலத் தெருவுக்கும் உள்ளே பிரியும் வழிகளிலும் கூறைநாட்டிலும் இருக்கின்றன. அதில் எட்டடிக்குக் குறைந்த வழி ஒன்பது. "பிக்கப்பில் போனால் இந்த ஒன்பதுக்கும் நான் நடந்துதான் போக வேண்டும் அத்தை. வெயில் ஏறினால் மாவு பாக்கெட்டில் பொங்கிவிடும்" என்றான். அவனே கண்டுபிடித்ததில் எனக்கு நிம்மதி. தொழில் வளர்ந்தால் என்ன செய்வது என்று மறுபடியும் கேட்டான். இன்னொரு குட்டி வேன் எடு, இன்னொரு பையனுக்கு வேலை கொடு, ஒன்று கூறைநாட்டுக்கும் ஒன்று மற்ற தெருக்களுக்குமாக ஒரே நேரத்தில் கிளம்பட்டும் என்றேன். ஒரு வண்டி பட்டறைக்குப் போனாலும் தொழில் நிற்காது.

இப்போது அவன் கவலை வேறு. மாவு கிரேட்டுகளை நான்கு அடுக்காக வைத்தால் தள்ளு கதவு வழியாக எடுக்க வருமா, நடுவில் இரும்புச் சட்டம் அடிக்க வேண்டுமா என்று கேட்கிறான். பார்க்காமல் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் இல்லை. எட்டு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு வீட்டில் இருப்பேன். காலியான கிரேட் எட்டும் அந்த நாடாவும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் வண்டியிலேயே அடுக்கிப் பார்த்துவிடலாம்.